ஜெயகணேஷுக்கு அழ ஓர் ஆள்

ஜெயகணேஷ் எத்தனை முறை செத்திருக்கிறான் என்று தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது, கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குள் முகம் புதைய விழுந்தது, பாடையில் படுத்தபடியே ஏடிஎம் வரிசையில் காத்திருந்தது என்று எல்லாமே யூடியூபில் கிடக்கிறது. 'ஹார்பர் அலப்பறை' என்பது சேனலின் பெயர். விழுகிறவன் ஜெயகணேஷ். ஒளிந்து நின்று படம் எடுக்கிறவன் காயல்பட்டினத்து ரியாஸ். பார்க்கிறவர்கள் பயந்து அலறி, ஓடி, தடுக்கி விழுந்த பிறகு இவன் எழுந்து நின்று குத்தாட்டம் போடுவான். ரியாஸ் வெளியே வந்து, "கேமராவைப் பாருங்க அண்ணாச்சி" என்று கை காட்டுவான். ஏமாந்தவர்கள் அசடு வழியச் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வீடியோ வெளியே வரும்.

இவனைச் சும்மா கோமாளி என்று ஒதுக்கிவிட முடியாது. கன்டெய்னர் யார்டில் உட்கார்ந்து பெட்டி எண் எழுதிக்கொண்டிருந்தவன், ஒருநாள் லாரியிலிருந்து குதிக்கும்போது கால் இடறி விழ, சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தனக்கு விழத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. எலும்பு முறியாமல், பார்க்கிறவன் பதறும்படி விழுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதில் அவன் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் போனது.

சேனலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது உப்பளத்து வீடியோ. பாத்தியில் சிவப்புச் சாயத்தைக் கரைத்துவிட்டு இவன் குப்புறக் கிடந்தான். ரியாஸ் அழுகிற குரலில் இவன் மனைவி இந்துமதிக்குப் போன் போட்டான். அவள் ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பு கழன்றது தெரியாமல் உப்பு வரப்பில் ஓடிவந்து, இவன் முதுகின்மேல் விழுந்து கதறினாள். அவள் அலறல் உச்சத்துக்குப் போனபோது இவன் புரண்டு படுத்துக் கண்ணடித்தான். அவள் அப்படியே மயங்கிச் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது இவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று இவனாக நினைத்துக்கொண்டான். மறுவாரம் அவள் சாகுபுரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்த வீடியோவ அழி, வாரேன்" என்று ஒரே பேச்சு. இவன் அழிக்கவில்லை. தன்னை ஊர் அறியச் செய்த ஒன்றை எப்படி அழிப்பான்? இப்போது அவளுக்கு ஏழு மாதம். வளைகாப்பு நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் காக்கா வந்தது.

வந்தது என்று சொல்வதும் சரியில்லை. இவனாகத்தான் கூப்பிட்டான். சாளை மீனைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு, கடற்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடிகிறது பார்க்கலாம் என்று ஒரு சவால். கடற்கரைக் காக்கைகளுக்கு அழைப்பிதழா வைக்க வேண்டும்? கழுத்தைச் சுற்றிக் கொத்தின, தோளில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் நேரே உச்சந்தலையில் இறங்கி, காலை ஊன்றி நின்று, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்தது. அந்த இடத்தை ரியாஸ் மெதுவாக ஓடவிட்டு, மத்தளச் சத்தம் சேர்த்து வெளியிட்டான்.

அம்மா முத்துக்கனி மகன் வீடியோ ஒன்றையும் விடாமல் பார்ப்பவள். பிடித்துப் பார்ப்பதில்லை. இன்றைக்கு எங்கே விழுந்தானோ என்ற பதைப்பில் பார்ப்பவள். காக்கா தலையில் நின்றதைக் கண்டதும் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏலே, தலையில தட்டிட்டுல்லா?"

"மீன் மாலை போட்டா தட்டாம என்ன செய்யும்? நாந்தானம்மா கூப்பிட்டேன்."

"நீ கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் தட்டிட்டுல்லா? அதுக்குத் தெரியுமா நீ விளையாடுதன்னு?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜெயகணேஷின் அப்பா துறைமுகத்தில் சுமைக்காரர். அவர் தலையிலும் ஒருநாள் காக்கா தட்டியது. காக்கா தட்டினால் சாவு தேடுகிறது என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. ஆள் செத்துப்போனான் என்று பொய்ச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டவர்களில் ஒருவராவது அதை நிஜமென்று நம்பிக் கண்ணீர் விட்டு அழ வேண்டும். அந்த அழுகையோடு வரவேண்டிய சாவு கழிந்துபோகும். முத்துக்கனி அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குச் சேதி சொல்லக் கிளம்பினாள். புருஷன் விடவில்லை. "சாகாதவன செத்தான்னு சொல்லி ஊர ஏமாத்துவியா?" என்று தடுத்துவிட்டார். அந்த மாதமே கப்பலிலிருந்து இறக்கிய மரக்கட்டை சரிந்து அவர்மேல் விழுந்தது. ஒரு பொய்யைச் சொல்ல விடாமல் போய்விட்டாரே என்று முத்துக்கனி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஜெயகணேஷுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்று சத்தமாகச் சொல்லவும் முடியவில்லை. காக்கா தட்டிய மறுநாள் வண்டி வழுக்கி முழங்கை சிராய்ந்தது. அடுத்து, பழைய தோணித் துறையில் கயிற்றில் தொங்கும்போது முடிச்சு நழுவியது. தண்ணீரில் விழுந்ததால் பிழைத்தான். கீழே பாறை இருந்த இடம் இரண்டு கை தள்ளித்தான். எத்தனையோ முறை விளையாட்டாகச் செத்தவன் அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனான். வீட்டுக்கு வந்து, "சரிம்மா, சேதி சொல்லு" என்றான்.

மறுநாள் விடிந்ததும் அவனைப் பின்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு முத்துக்கனி போனை எடுத்தாள். ரியாஸும் வந்திருந்தான். படம் எடுக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதல் போன் அவள் அண்ணன் பால்துரைக்கு. மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"அண்ணே... நம்ம கணேசு நம்மள விட்டுட்டுப் போயிட்டாண்ணே..." அழுகை அவளுக்குத் தானாகவே வந்தது. செத்த புருஷனை நினைத்தால் போதும்.

மறுமுனையில் பால்துரை சிரித்தார். "யம்மா, நீயும் நடிக்க வந்துட்டியா? அவனவிட நல்லாவே செய்த. எங்கன ஒளிஞ்சிருக்கான் பய? எங்கடைக்கு மட்டும் கேமராவத் தூக்கிட்டு வரவேண்டாம்னு சொல்லு. வியாபார நேரம்."

அடுத்தது கோயம்புத்தூரில் இருக்கும் மகள் செல்வலட்சுமிக்கு. ஜெயகணேஷுக்கு அக்கா. அவள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். பின்னறையில் இவன் காதைக் கதவில் வைத்துக்கொண்டு, இதோ அழப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள், "யம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? ஏலே கணேசா, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புத நேரத்துல உயிர வாங்காதலே" என்று வைத்துவிட்டாள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருத்தர் "எப்ப வீடியோ வரும்?" என்று கேட்டார். கூடப் படித்தவன் ஒருவன், "இந்த வருஷத்துல இது எத்தனாவது சாவு அத்த?" என்று விசாரித்தான். பொய்யே சொல்லாத புருஷனுக்கு ஒரு பொய் சொல்ல முடியாமல் போனது. பொய்யிலேயே புழங்குகிற பிள்ளைக்குச் சொன்ன பொய் எடுபடவில்லை. முத்துக்கனி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இந்துமதிக்குப் போடு" என்றான் ஜெயகணேஷ் உள்ளேயிருந்து.

"வயித்துப் பிள்ளக்காரிலே. வேண்டாம்."

"அவ அழுவாம்மா. அவ மட்டும் அழுவா."

இதைச் சொன்னபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒருமுறை அழவைத்தது போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. முத்துக்கனி எண்ணை அழுத்தினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

இந்துமதி சிரிக்கவில்லை. "கேமரா எங்கன வச்சிருக்கீங்க அத்த?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவுக நிசமாவே செத்தாலும் எனக்குச் சொல்லி விடாதீங்க. நான் ஒருக்க அழுது முடிச்சிட்டேன்."

போன் நின்றுபோனது. ரியாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயகணேஷ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை. சாவு வரட்டும் வராமல் போகட்டும், தான் செத்தால் அழ ஆளில்லை என்பது கெட்டியாகத் தெரிந்துவிட்டது. அந்த வலிக்கு எந்தப் பரிகாரத்தைத் தேடுவது?

ரியாஸுக்குப் பசி. அவன் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனான். அங்கே கேட்டுக்கு எதிரே சந்தனச்செல்வி தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருப்பாள். அந்தக் கடைக்கும் இவர்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு.

போன வருஷம் ஜெயகணேஷ் பைத்தியக்கார வேஷம் கட்டி அந்தக் கடைக்குப் போனான். கிழிந்த சட்டை, இடுப்பில் கயிறு, முகமெல்லாம் கரி. அடுத்தவர் தட்டிலிருந்து இட்லியைப் பிடுங்கித் தின்ன வேண்டும், சந்தனச்செல்வி கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்ட வேண்டும், ரியாஸ் வலைக் குவியலுக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டும் என்பது திட்டம். இவனை அடையாளம் கண்ட ஒன்றிரண்டு பேர் ரியாஸின் சாடையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். சந்தனச்செல்வியிடம் இருந்தது பட்டன் போன். அவளுக்கு இவன் யாரென்று தெரியாது. இட்லியைப் பிடுங்கினவனை அவள் பெஞ்சில் உட்காரவைத்து, கையைக் கழுவிவிட்டு, தனித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். புருவத்தில் வெட்டுக்காயம் இருப்பதைப் பார்த்து மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். இவன் தட்டைத் தூக்கி எறிந்தான். அவள் இன்னொரு தட்டு வைத்தாள். "ரியாக்‌ஷனே வரலயே" என்று ரியாஸ் நொந்துகொண்டான். இன்னும் இரண்டொரு நாள் போய்ப் பார்த்தார்கள். அதே கதைதான். வீடியோ உதவாது என்று விட்டுவிட்டார்கள். உதவாத வீடியோவுக்கு யார் வெளியே வந்து, கேமராவைப் பாருங்கள் என்று சொல்வார்கள்? உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டார்கள்.

ரியாஸ் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மக்கா, கதவத் திற. ஒரு ஆளு அழுதுட்டாவ."

அவன் நீட்டிய போனில் சந்தனச்செல்வி தெரிந்தாள். சட்டைப் பையில் கேமராவை ஓடவிட்டபடியே பேசுவது ரியாஸின் நெடுநாள் பழக்கம். சத்தியமெல்லாம் வீட்டோடு சரி. அவளாகத்தான் கேட்டாள். "தம்பி, அந்தச் சுகமில்லாத பிள்ள வருவாம்லா, ஒங்கூடகூட ஒருநா நின்னான். ரொம்ப நாளாக் காணுமே. எங்கன கெடக்கான்?" காலையிலிருந்து அதே பொய்யைக் கேட்டுக் கேட்டு இருந்த ரியாஸின் வாயில் அது தானாக வந்துவிட்டது. "அவன் செத்துட்டான்க்கா."

அவள் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏ ராசா... ஒரு வாய் தின்னுட்டுப் போன்னு சொன்னா ஓடுவியே... எந்தச் சாக்கடையில கெடந்து செத்தியோ... பெத்தவ எங்க இருக்காளோ, அவளுக்குத் தெரியாதே... ஒனக்கு அழ ஒரு நாதி இல்லையே ராசா... நான் அழுதேன்யா, நான் அழுதேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். யார் கொள்ளி வைத்தது என்று அவள் கேட்டாள். ரியாஸ் ஏதோ முனகினான். படம் ஆடியது. அவன் ஓடிவந்திருக்கிறான் என்று தெரிந்தது.

ஜெயகணேஷ் தன் சாவைப் பார்த்து அலறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறான். இப்படி ஒருத்தி அழுது பார்த்ததில்லை. அதுவும் அவனுக்காக இல்லை, அவன் போட்ட வேஷத்துக்காக. அந்தப் பைத்தியக்காரன்மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

முத்துக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். "கழிஞ்சுட்டு. எந்த மகராசியோ எம்பிள்ளையக் காப்பாத்திட்டா."

"போட்டா பிச்சுக்கிட்டுப் போகும் மக்கா" என்றான் ரியாஸ். பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா எனக்குக் கை வரல. நீயே வச்சிக்க."

ஒன்று பாக்கி இருந்தது. அழுதவரிடம் விளக்கு வைப்பதற்குள் போய், ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கழிந்தது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது முத்துக்கனியின் சட்டம். "நானும் வாரேன்" என்றான் ரியாஸ். வேண்டாம் என்றுவிட்டு ஜெயகணேஷ் தனியாகக் கிளம்பினான். போகிற வழியெல்லாம் அவன் மனசு அடித்துக்கொண்டது. சாகவில்லை என்று சொன்னால் பைத்தியமும் இல்லை என்று சொல்ல வேண்டும். கரண்டியால் அடிப்பாள். அடிக்கட்டும், அது தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

கடையில் அடுப்பு அணைந்திருந்தது. சந்தனச்செல்வி சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய் வந்தவள்போலத் தலை குளித்து, ஈரக் கூந்தலை முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே காம்பவுண்டு சுவரின்மேல் ஓர் இலையில் இட்லியும் சட்னியும் வைத்திருந்தது. கடற்கரை முழுக்கக் காக்கைகள். அந்த இலைப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி நிற்பவனை முதலில் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு புருவத்துத் தழும்பைக் கண்டாள்.

"யக்கா, நான் சாகலக்கா."

அவள் எழுந்து ஓடிவந்து அவன் கன்னத்தை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "எய்யா! இருக்கியா நீ! அதானே பாத்தேன், காலையிலேருந்து வச்சு வச்சுப் பாக்கேன், ஒரு காக்கா எடுக்கல. உசுரோட இருக்கிறவன் சோத்த அது எப்படி எடுக்கும்?" சுவரிலிருந்து இலையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "தின்னு. யாரு இந்தச் சட்டையப் போட்டுவிட்டா? நல்லாருக்கு."

"யக்கா, எனக்குப் பைத்தியமே கெடயாதுக்கா. அன்னைக்கு நடிச்சேன். எல்லாம் வீடியோவுக்கு."

"சரிய்யா. ஒனக்கு ஒண்ணும் இல்ல. யாரு சொன்னா பைத்தியம்னு? நீ தின்னு."

அவள் குரலில் இருந்த பரிவைக் கேட்டதும், அவள் நம்பவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. செத்தேன் என்றால் ஊர் நம்பவில்லை, பைத்தியம் இல்லை என்றால் இவள் நம்பவில்லை. அவன் இலையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, போனை எடுத்து, சேனலைத் திறந்து அவளிடம் காட்டினான். "இந்தா பாருங்க. இது நான். இதுதான் எந்தொழில்."

சந்தனச்செல்வி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாடிப்படியில் உருண்டது, முகத்தில் சாணி அடித்துக்கொண்டது, மீன் மாலையோடு உட்கார்ந்தவனைக் காக்கைகள் கொத்தியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒன்றுக்கும் அவள் சிரிக்கவில்லை. அவள் கண்கள் மறுபடியும் நிறைந்தன.

"பாவி மக்கா. வெவரமில்லாத பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்தி, அதப் படம் வேற எடுத்திருக்கானுவளே. ஒருத்தனுக்குக்கூட நிறுத்துன்னு சொல்லத் தோணலையா?"

ஜெயகணேஷ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, தன்னைத்தானே அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக உப்பளத்து வீடியோ ஓடத் தொடங்கியது. நிறுத்த நினைத்தான், கை எழவில்லை.

"இந்தப் பொண்ணு யாரு?"

"எம் பொஞ்சாதி."

"வயித்துப் பிள்ளக்காரியா?"

"அப்ப அவளுக்கே தெரியாதுக்கா. அப்புறமாத்தான்..."

"தெரியாம என்ன? வயித்துல கைய வச்சித் தாங்கிக்கிட்டுல்லா ஓடி வாரா. நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். எத்தனையோ தடவை பார்த்த வீடியோ. உப்பு வரப்பில் இந்துமதி வெறுங்காலோடு ஓடிவந்தாள். ஒரு கை காற்றில் வீசியது. இன்னொரு கை அடிவயிற்றைவிட்டு அகலவேயில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவனிடம் சொல்ல வைத்திருந்த சேதியோடுதான் ஓடிவந்திருக்கிறாள். அலறலை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவன் அந்தக் கையைப் பார்த்ததில்லை.

அவன் போனை வாங்கி அந்த வீடியோவை அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். அதனால் இந்துமதி வந்துவிடுவாள் என்ற நினைப்பெல்லாம் அவனுக்கு இல்லை. அவள் அழுது முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தான். இட்லி ஆறி விறைத்துப் போயிருந்தது. ஒரு விள்ளலை வாயில் வைத்ததும் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"அழாதய்யா" என்று சந்தனச்செல்வி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நாளைக்கு வா. சூடாத் தாரேன்."

கடற்கரைச் சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது முத்துக்கனி போன் செய்தாள்.

"சொல்லிட்டியாலே?"

"சொல்லிட்டேம்மா."

"நம்புனாளா?"

"உசுரோட இருக்கேங்கத நம்பிட்டாவ" என்றான் ஜெயகணேஷ். "நாளைக்கும் சாப்பிட வரச் சொல்லியிருக்காவ."